சலவைக்குப் போன தியானம்

"துணியில கறை மாதிரி தெரியும். அது கறை இல்லீங்க, ஓவியம்."

போனில் அந்த அம்மா நிதானமாகத்தான் சொன்னார். சலவைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணெதிரே அந்தப் பெரிய துணி பால்போல் வெளுத்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் அந்த அம்மாவின் கணவர் அதைக் கொண்டுவந்து, சுருக்கம் போக இஸ்திரி மட்டும் போடச் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். விரித்தால் நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. இருபது வருஷத் தொழில். கை சும்மா இருக்குமா? கேட்காமலேயே ஊறவைத்தார். இரண்டே அலசலில் எல்லாம் போனதில் அவருக்கே பெருமை.

தினமும் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்கார்ந்து, எழுந்ததும் ஒரே ஒரு கரண்டி சாயம் ஊற்றி, தானாகப் பரவ விட்டு, ஐந்து மாதத்தில் முடித்த படமாம் அது. மறுநாள் கண்காட்சி. ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அந்த அம்மா போனை வைத்தார்.

அப்போது மணி இரண்டு.

"நாமளே ஊத்திடலாம்," என்றாள் கடைக்காரரின் மனைவி. "நீலம் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எடுத்ததுதான் ஞாபகம் இருக்கு."

சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றினார்கள். அது தியானமெல்லாம் செய்யவில்லை; ஓரம்வரை ஓடியது. ஓட்டத்தை நிறுத்த ப்ளீச் தொட்டார். நடுவில் பொட்டல் விழுந்தது. பொட்டலை மறைக்கச் சிவப்பு மை ஊற்றினார். எல்லாம் கலந்து கத்தரிக்காய் நிறமானது. காயவைக்கும் அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். முக்கோணமாக ஒரு பழுப்புத் தடம் பதிந்தது.

"இனிமே தொடாதீங்க," என்றாள் மனைவி.

சொன்ன நேரத்துக்குத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா துணியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். முக்கோணத்தருகே விரலைக் கொண்டுபோனார்.

"வரையும்போது நான் இதைக் கவனிக்கவே இல்லையே," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கணவர் அவர் கையைப் பிடித்து இஸ்திரி மேசைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"சொல்லிடாதீங்கண்ணே. போன வாரமே நான் அதைத் தெரியாம வீட்டு மெஷின்ல போட்டு வெளுத்துட்டு, நானா ஒண்ணு வரைஞ்சுதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். அதுக்கு உங்களோடது எவ்வளவோ தேவலாம்."