கொப்பி அண்ணையின் மூன்று நிபந்தனைகள்

வன்னியில் மனநல ஆய்வுக்காரருக்கு அதிகம் பதில் சொன்ன மனிதர் கொப்பி அண்ணைதான். நீதிமன்றப் படி ஏறிச் சத்தியம் செய்யவும் நான் தயார். அவருடைய ஊர்ப்பக்கம் கேள்வித்தாளோடு வந்த எவரும் அவரிடம் தப்பியதில்லை.

நானும் அப்படியொரு ஆய்வுக்குக் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்து போனவள்தான். அண்ணை தனி ஆள். முற்றத்தில் எதிரெதிராக இரண்டு கதிரைகள். நான் பையைத் திறக்கமுன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பி ஒன்றை விரித்து நீட்டினார்.

"என்ர சம்மதத்துக்கு முதல் உம்மட சம்மதம். கையெழுத்து வையும், தங்கச்சி."

நிபந்தனை மூன்று. ஊர்ப்பெயர் போடக்கூடாது. எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும். திரும்பி வரவேண்டும்.

"முந்தி ஒரு ஆய்வில ஊர்ப்பேரோடை எழுதிப்போட்டினம், இஞ்சை சனத்துக்கு மனம் சரியில்லையெண்டு. என்ர சகோதரியின்ர மகளுக்குப் பேசின சம்பந்தம் குழம்பிப் போச்சு. பதில் சொன்னது நான்தானே? கூடப்பிறந்தவள் இப்ப என்னோடை கதைக்கிறேல்லை."

"பிறகேன் அண்ணை பதில் சொல்லுறியள்?"

"வேற ஆர் என்ர வீட்டை வருகினம்?"

கையெழுத்து வைத்தேன். கேள்வி தொடங்கியதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். "பதினாலாவதை விட்டிட்டீர், கெட்ட கனவு வாறதோ எண்டு கேக்கேல்லை" என்று என்னையே திருத்தினார்.

'மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்வி வந்தது.

"கேள்வி கேக்க வாற ஆக்கள் எண்டு போடும்."

"அப்பிடியொரு கட்டம் இல்லை அண்ணை."

"அப்ப ஒரு கட்டம் கீறும்."

கீறினேன். படிவத்தைப் பழுதாக்கியதாக அலுவலகத்தில் நல்ல ஏச்சு விழுந்தது. அறிக்கையிலிருந்து ஊர்ப்பெயரைச் சண்டை பிடித்து எடுப்பித்தேன். எழுதியதை அன்றே வாசித்துக் காட்டியிருந்தேன். மூன்றாவதற்கு மட்டும், "அடுத்த மாதம் வாறன்" என்று சொல்லிவிட்டு நாலு வருடம் போகவில்லை. எனக்கே வெட்கமான விஷயம்.

போன தையில் போனேன். ஆய்வும் முடிந்து, வேலையும் போய், வெறுங்கையோடுதான் போனேன். அதே இரண்டு கதிரைகள். அண்ணை கொப்பியை விரித்தார். பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள். மூன்றாவது நிபந்தனைக்கு நேரே ஒருவருக்கும் சரி போட்டிருக்கவில்லை. கண்ணாடியை மாட்டி, என் பெயரைத் தேடிப் பிடித்து, ஒரு சரி போட்டார்.

"பிந்தினாலும் வந்தனீர். இண்டைக்கு என்ன கேள்வி?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

மனிதர் தடுமாறிப் போனார். பிறகு, முதலாம் கேள்வியைத் தானே தொடங்கினார்.

"இரவில நித்திரை வருதோ, தங்கச்சி?"

ஊரெல்லாம் நான் கேட்டுத் திரிந்த கேள்வி அது. என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. "இல்லை அண்ணை" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கொப்பி அண்ணை கொப்பியை மூடி நிலத்தில் வைத்தார். எதிரில் இருந்த தன் கதிரையை இழுத்து, என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.