ஸ்க்ரூ இல்லாத கட்டிலும் உங்கள் தங்கையும்

குஷிரோ,
ஜூலை மாதம்.

மதிப்பிற்குரிய மச்சான் குமெகாவா இட்சுரோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஃபுசாயோவின் கணவன் கசாமட்சு யொஷினாரி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. ஜூலை பிறந்தும் இங்கே வெயிலைக் காணோம். கடலிலிருந்து கிளம்பும் மூடுபனி துறைமுகத்தை மூடி, தெருவை மூடி, இப்போது என் சன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது. உங்கள் ஹக்கோடாத்தேயில் கணவாய் மீன் நன்றாகப் படுகிறது என்று கேள்வி, மகிழ்ச்சி. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அக்கா சௌக்கியமா? நீங்கள் அனுப்பிய கணவாய் ஊறல் சுடுசோற்றுக்கு அமிர்தமாக இருந்தது. மரியாதைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் உங்கள் தங்கை. அவளுக்கு முதல் உளிப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள் என்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

எங்கள் சின்ன மகள் செண்டாய்க்குப் படிக்கப் போனதும் இவளுக்குப் பொழுது போகவில்லை, தச்சுப் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறேன் என்றாள். நானும் ஏதோ பறவைக்கூடு செய்வாள், தோட்டத்தில் மாட்டுவோம் என்று தலையாட்டினேன். இன்றைக்கு எங்கள் ஊர் அசஹிகாவாவில் இரண்டு பெண்களோடு சேர்ந்து பட்டறையே வைத்துவிட்டாள். கோவில் கட்டுகிறவர்கள் போடும் மூட்டுகளை எடுத்துக் கணினி மேசையிலும் சோபாவிலும் போடுகிறாள். ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது. துளைக்குள் கழுந்து என்கிற மரமுனை, கழுந்துக்குள் ஆப்பு, அவ்வளவுதான். ஊர் மெச்சுகிறது, மெச்சட்டும். ஆனால் சென்ற மார்ச்சில் கம்பெனி என்னை இந்த மீன் குளிர்கிடங்குக் கிளைக்கு மாற்றியபோது, "சரி, கிளம்பு, சேர்ந்து போவோம்" என்று நான் சொன்னதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஆரம்பப் பள்ளி நூலகத்துக்கு நாற்காலி கேட்டிருக்காங்க. குழந்தைங்க நின்னுக்கிட்டா படிக்கும்? நீங்க போங்க, உங்களுக்கு வேண்டியதெல்லாம் நான் செஞ்சு தர்றேன்." ஐம்பத்தாறு வயதில் மனைவி வேண்டும் என்று கேட்டால் கட்டில் செய்து தருகிறாள் மச்சான்! என் இடுப்பு வலிக்குத் தரையில் படுக்க முடியாது என்பதை ஞாபகம் வைத்திருந்தாளே என்று அப்போது உருகிப்போனேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போது ஆத்திரம் வருகிறது.

கட்டில், மேசை, அலமாரி மூன்றும் கட்டைகளாகக் கட்டப்பட்டு என் சின்னக் காரிலேயே அடங்கிவிட்டன. இங்கே வந்து மாடிக்குத் தூக்கினால், வீட்டுக்காரம்மா ஒபினாத்தா படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டு, "விறகையெல்லாம் மாடியில அடுக்கக் கூடாதுங்க. இது அடுக்குமாடிக் கட்டடம், தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். இது விறகில்லை, கட்டில் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப படுத்துக் காட்டுங்க" என்றார். படிக்கட்டில் கட்டைக் கட்டுகளுக்கு நடுவே நின்று, அசஹிகாவாவில் என் மனைவி பெரிய தச்சர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டையிலும் மையில் ஒரு குறி இருக்கும், குறியோடு குறி சேர்த்தால் போதும், மரக் கொட்டாப்புளியால் நாலு தட்டு, முடிந்தது என்று சொல்லியிருந்தாள். குறியைத் தலைகீழாகப் படித்தால் வேறு குறி மாதிரி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதுபோக, இவளுடைய புதுமை என்னவென்றால் எல்லாத் துளையும் ஒரே அளவு. "இன்னைக்குக் கட்டில், நாளைக்கு வீடு மாறினா அதே சட்டம் அலமாரி. சின்ன வீட்டுக்காரங்களுக்கு அதுதான் வசதி" என்று பத்திரிகைக்காரர்களிடம் பெருமையடிப்பாள். அதனால் என்ன ஆயிற்று? மேசைக் கால் கட்டில் சட்டத்தில் சொகுசாகப் போய் உட்கார்ந்தது, அலமாரித் தட்டு மேசையில் உட்கார்ந்தது, நான் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசி ஆப்பையும் அடித்துவிட்டு நிமிர்ந்தால், மூன்றும் சேர்ந்து ஒரே பொருளாக நிற்கிறது, சுவர் மூலையில் அதற்குப் பின்னால் நான் நிற்கிறேன். வெளியே வர வழியில்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துதான் வந்தேன். இவ்வளவு தட்டலையும் கேட்டுக் கீழ்வீட்டு நுக்கஸாவா மேலே ஏறி வந்துவிட்டார், மீன்பிடிக் கப்பலில் காலம் முழுக்க இருந்த மனிதர், குரல் இன்னமும் புயலுக்கு நடுவே பேசுகிற குரல்தான். "என்னய்யா மேல கப்பல் கட்டுறியா?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க ஏறணும் இதுல?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

போனில் காட்டினேன். உங்கள் தங்கை சிரித்தாள் மச்சான். கணவன் ஒருத்தன் மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுக்க வேண்டிய நிலையில் இருக்கிறான், இவள் பட்டறையில் இருக்கிற அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். சனிக்கிழமை பேருந்து பிடித்து வந்தாள். இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு, நான் உதைத்தும் அசையாதது பூப்போல கழன்று விழுந்தது. கட்டில் கட்டிலாயிற்று, மேசை மேசையாயிற்று. "இழுக்காதீங்க, சாய்ச்சுத் தள்ளுங்க. ஆப்போட அகல முனை உங்க பக்கம் இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக் காட்டினாள். துறைமுகத்துப் பக்கம் போய்க் கரியில் சுட்ட மீன் தின்றோம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

அத்தோடு முடிந்ததா? இந்த ஊர் மூடுபனியில் மரம் ஊதியது. படுத்தால் கட்டில் முனகுகிறது, நான் புரண்டால் அதுவும் புரள்கிறது. ஈரம் போகட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன், மரம் இளைத்து ஆப்பு தளர்ந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் கிளைத் தலைவர் ஹியூகா, "புது ஆளோட வீட்டைப் பார்ப்போமே" என்று பீர் பாட்டிலோடு வந்தார். நாற்காலி ஒன்றுதான், அதில் பாட்டில். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டில் மடாரென்று விழவில்லை மச்சான், அதுதான் கொடுமை. அவரைச் சுமந்துகொண்டு மெதுவாக, மரியாதையாக, கீழே இறங்கிற்று. கையில் கோப்பை, ஒரு சொட்டு சிந்தவில்லை. தரைக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "இது தானா இறங்குற மாடலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். மறுநாள் அலுவலகம் முழுக்க, குனிய முடியாத அளவுக்கு எனக்கு இடுப்பு வலி, அதற்காகத் தானியங்கிக் கட்டில் வாங்கியிருக்கிறேன் என்று பேச்சு.

மறுபடி வந்தாள், தட்டினாள், போனாள். "பனியில ஊதும், சூட்டுல இளைக்கும். அப்பப்போ ஆப்பை ஒரு தட்டு தட்டிக்கணும், அவ்வளவுதான்" என்கிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேற்றைக்கு முந்தின நாள் போனில் கத்திவிட்டேன்.

"ஒரு மூலைக்கு ஒரு ஸ்க்ரூ போட்டா என்ன குடி முழுகிடும்?"

"ஸ்க்ரூ போட்டா மரம் நகர முடியாதுங்க. பிளந்துடும். நகர இடம் விடணும்."

"மரமே நகருது! நீ நகர மாட்டேங்கிறியே!"

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இழைப்பது மட்டும் கேட்டது. பிறகு, "இந்தச் சனிக்கிழமை வரலை. நாற்காலி வேலை நெருக்குது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வாழ்க்கையில் என்னிடம் இப்படி வைத்ததில்லை.

ஆகவே நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கடைக்குப் போய் இரும்புக் கட்டில் ஒன்று சொல்லிவிட்டேன், எல்லாம் ஸ்க்ரூ, எண்ணிப் பார்த்தே வாங்கினேன். அவளுடைய கட்டைகளை அவளுக்கே அனுப்பப் போகிறேன். அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு நடை அசஹிகாவா போய், கணவனா கழுந்தா என்று கேட்டு, பட்டறையை மற்ற இரண்டு பேரிடம் விட்டுவிட்டுக் குஷிரோவுக்குக் கிளம்பச் சொல்ல வேண்டும். கடுமையாகவே சொல்லுங்கள். உங்கள் பேச்சைத்தான் அவள் கேட்பாள். நான் கோபமாக இருக்கிறேன் என்றும் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றும் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள், கணவாய்ப் படகு வரும்போது கரையிலேயே நில்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
கசாமட்சு யொஷினாரி

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போவதற்குள் இரும்புக் கட்டில் வந்துவிட்டது. இரண்டு ஆட்கள் வந்து முறுக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். உட்கார்ந்தேன், உருண்டேன். நுக்கஸாவாவைக் கூப்பிட்டு ஏறிக் குதிக்கச் சொன்னேன், அவரும் குதித்தார். ஒரு முனகல் இல்லை. அன்று மாலை ஃபுசாயோ போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். "புதுக் கட்டில் ஆடுதா?" என்றாள். "ஆடவே இல்லை" என்றேன். "அப்ப நல்லது. அப்ப நான் வர வேண்டிய வேலை இல்லை" என்றாள். அத்தோடு போனை வைத்துவிட்டோம்.

மறுநாளே கடைக்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். என்ன குறை என்று எழுத வேண்டுமாம். ஆடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு ஃபுசாயோவிடம், மரக்கட்டிலைப் பூட்ட வேண்டும், ஆப்பு எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது என்று சொன்னேன். "கையைப் பிடிச்சுக் காட்டினேனே?" என்றாள். மறந்துவிட்டது என்றேன். கொஞ்சம் யோசித்து, "சனிக்கிழமை வர்றேன். நீங்க கை வைக்காதீங்க" என்றாள்.

ஆகவே மச்சான், தயவுசெய்து நீங்கள் அசஹிகாவா போக வேண்டாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். இன்று சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் நானே அந்தக் கட்டிலைப் பூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டும் ஒரே தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது, பாறை மாதிரி நிற்கிறது. சனிக்கிழமை அவள் பேருந்து வருவதற்குள் மறக்காமல் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.