அமெரிக்காவில் நான் உண்டாக்கிய பவர் கட்

புரியாத வேலையை 'இதோ முடிச்சிடறேன்' என்று ஒப்புக்கொள்ளும் ஆட்களில் நானும் ஒருவன். அந்த வியாதியால் ஒருமுறை, காலே வைக்காத ஒரு நாட்டில் கம்ப்யூட்டரை நிறுத்தியிருக்கிறேன்.

2007 வாக்கில் சின்ன காஞ்சிபுரத்தில் தாமோதரன் என்பவரின் பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கடையின் இணையதளம் ஓடிய சர்வர் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்திருந்தோம். என் மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்புவேன்.

ஒரு நாள் காலை முதலாளி பேப்பரோடு வந்தார். "எவனோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்து எல்லாத்தையும் அழிச்சிட்டானாம்பா. நம்மளுது பத்திரமா இருக்குதா?"

"பாதுகாப்பு அப்டேட்டெல்லாம் தினமும் தானாவே வந்துடும் சார்."

சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கடைசி அப்டேட் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் தினமும் 'புதிதாக ஒன்றுமில்லை' என்றே சர்வர் எழுதி வைத்திருந்தது. (அதை நான் நற்சான்றிதழ் என்று நினைத்திருந்தேன்.)

ஒரே மாதிரி இரண்டு கறுப்புத் திரைகளைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒன்று அமெரிக்கா, இன்னொன்று மேஜைக்கடி. ஒரு மணி நேரம் எதை எதையோ மாற்றினேன். அமெரிக்கா அசையவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, இத்தனை நேரமும் மேஜைக்கடிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

தலை சுற்றியது. என் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று நிறுத்தும் கட்டளையை அடித்தேன். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. குனிந்து பார்த்தேன். மேஜைக்கடியில் மெஷின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோனது அமெரிக்கா.

அப்போது முதலாளி போனைக் கையில் பிடித்தபடி வந்தார். பினாங்கிலிருந்து ஒரு அம்மா. மகள் கல்யாணச் சேலைக்குப் படம் பார்த்து நிறம் சொல்ல வேண்டும். மதியத்துக்குள் சாயப்பட்டறைக்குத் தகவல் போகாவிட்டால் சேலை முகூர்த்தத்துக்கு வந்து சேராது.

"அந்தம்மா பாத்துக்கினு இருக்கசொல்ல படமெல்லாம் போயிடுச்சாம். இன்னாபா ஆச்சு?"

"அமெரிக்காவுல கரண்ட் கட் சார்," என்றேன்.

"அங்கியுமா?" அவர் முகத்தில் இனம்புரியாத ஒரு திருப்தி. போனில், "அமெரிக்காவுலயே கரண்ட் இல்லியாம்மா. நான் வாயாலயே சொல்றேன், கேட்டுக்குங்க. மாம்பழக் கலர் உடம்பு, அரக்கு பார்டர்..." என்று ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம் வர்ணித்ததில் அந்த அம்மா சரியென்று சொல்லிவிட்டார்.

நான் எதிர் டெலிபோன் பூத்துக்கு ஓடி, சர்வரை வாடகைக்கு விட்ட அமெரிக்கக் கம்பெனிக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். மறுமுனையில் ஒருவர் பொறுமையாக ஆங்கிலத்தில் கேட்டார்: "மெஷின் தானாக நின்றதா, யாராவது நிறுத்தினார்களா?"

"பாதுகாப்பு அப்டேட்," என்றேன்.

"எந்த அப்டேட்?"

"புதிதாக ஒன்றுமில்லை."

அவர் விசாரணையைக் கைவிட்டார். பிறகு, தானே போய்ப் பட்டனை அழுத்துவதாகச் சொன்னார். இருபது நிமிடத்தில் சேலைகள் திரும்பி வந்தன.

அத்தோடு தப்பித்தேன் என்று நினைத்தேன். சாயங்காலம் முதலாளிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். இங்கிலீஷ் டீச்சரான அவர் மகள் வேதா அதைப் படித்தாள். "கரண்டெல்லாம் போகலப்பா. நம்ம கடையிலேர்ந்துதான் யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்களாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நாலு கடையில சொல்லிட்டனேப்பா, அமெரிக்காவுல கரண்ட் இல்லன்னு. நாளைக்கு நீயே போய், இருக்குதுன்னு சொல்லிட்டு வா."

போனேன். நாலாவது கடைக்காரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "அவங்க அப்டித்தான்பா சொல்லுவாங்க. வெளிய தெரிஞ்சா கேவலம் இல்ல?" என்று என்னைத் தேற்றி டீ வாங்கிக் கொடுத்தார்.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. புதிய அப்டேட்களின் பட்டியலை வாங்கும் வசதியையே நான் அணைத்து வைத்திருந்தேன். பாவம் சர்வர், எட்டு மாதமாகப் பழைய பட்டியலையே புரட்டிப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று வருடம் கழித்து வேதாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆனது. இன்றைக்கும் தெருவில் கரண்ட் போனால், என் மாமனார் யாரையும் விசாரிப்பதில்லை. நேராக என்னிடம்தான் வருகிறார்.

"மாப்ளே, நம்ம தெரு மட்டுமா, இல்ல அமெரிக்காவும் சேர்த்தா?"