வகுத்துப் பார்ப்பவர்

எண்ணைக் கண்டால் சும்மா போகவிடாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நமக்குப் பேருந்துச் சீட்டு பேருந்துச் சீட்டுதான். அவர்களோ அதிலுள்ள எண்ணை மூன்றால் வகுத்து, ஏழால் வகுத்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் பரம திருப்தியோடு இறங்குவார்கள். தொண்ணூற்றொன்றை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். பகா எண் மாதிரி வேஷம் போட்டுவிட்டுப் பதின்மூன்றால் வகுபடுகிறதாம்!

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கணக்கு வாத்தியார் நௌஃபல் இந்த இனத்தின் திலகம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒல்ஃபா மேல் அவருக்கு உயிர். அன்று மதியம் அவளே தன் கைப்பேசி எண்ணைச் சொன்னாள்.

"சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுங்க சார். ஜெர்பாவிலிருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. நீங்க பேசினா, அப்பாகிட்ட நான் சொல்லிடுவேன். நம்பரைப் போன்ல போட்டுக்கிட்டீங்களா?"

"எதுக்கு? ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணாலயும் வகுபடுது! மிச்சம் ஒரு பகா எண். இதைப் போய் மறப்பேனா?"

மாலையில் காப்பிக் கடையில் நண்பன் சுஹைர் கேட்டான்: "நம்பரைச் சொல்லு, நானே போடறேன்."

"ஆயிரத்தொண்ணால வகுபடும்."

"நல்லா வகுபடட்டும். நம்பர் என்னடா?"

நௌஃபல் கூரையைப் பார்த்தார். குணங்கள் எல்லாம் இருந்தன. எண்தான் இல்லை.

"எட்டு இலக்கம், இருபத்திரண்டுல ஆரம்பிக்கும். அப்போ சுமார் நாற்பது எண்தான் பொருந்தும்!"

"அடப்பாவி, மருந்துக் கடை அடுத்த தெருவுலதான் இருக்கு. எழுந்து போய்க் கேளு!"

போவாரா? கேட்டுத் தெரிந்துகொண்டால் அது என்ன கணக்கு? புதினாத் தேநீர் ஆறிப்போக, காகிதத் துண்டில் பகா எண்களைச் சலித்து, மூன்றாலும் ஆயிரத்தொன்றாலும் பெருக்கி, ஒவ்வொன்றாக அழைத்தார். ஒரு கசாப்புக்காரர் கறி எத்தனை கிலோ என்று கேட்டார். ஒரு பாட்டி, "வீட்டுப் பக்கம் வந்து எத்தனை நாளாச்சு, கடங்காரா!" என்று பேரனாக எண்ணித் திட்டினாள். மருந்துக் கடை மூடிவிட்டது. சுஹைர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கடைசியில் கிடைத்தது. ஒல்ஃபாவின் குரல். அவளுக்குப் பின்னால் பெண்களின் குலவைச் சத்தம்.

"இப்பத்தான் கூப்பிடறீங்களா? அப்பா வாக்குக் கொடுத்துட்டாரு. இருபத்தொம்பதாம் தேதி நிச்சயதார்த்தம்."

நௌஃபலின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பகா எண்" என்றார்.

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

பாவம், மனுஷன் திருந்தவே மாட்டார் என்கிறீர்கள். சரிதான். ஆனால் ஒன்று: ஆயிரத்தொன்று என்று படித்த இடத்தில், ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தது யார்? நானா?