கர்த்தர் கேட்ட வாளி

எலியேசர் முத்துக்குமாருவிடம் கர்த்தர் முதன்முதலாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். பேசியது ஒரு வாளியைப் பற்றி.

பாவத்தைப் பற்றியோ பரலோகத்தைப் பற்றியோ, குறைந்தபட்சம் அவருடைய உத்தியோக உயர்வைப் பற்றியோ பேசியிருந்தால், மனிதர் கண்ணீர் விட்டு முழங்காலில் விழுந்திருப்பார். கொழும்பு வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் கண்ணை மூடிக் கதிரையில் இருந்தவருக்கு, கடல் இரைச்சல் திடீரென்று நின்றது. யாரோ கதவைச் சாத்தியது போல நின்றது. பிறகு காதுக்கு உள்ளேயே ஒரு குரல். ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது.

"வாளி கெணத்துல உழுந்துட்டு. எடுத்துத் தா."

அவ்வளவுதான். கடல் மறுபடி இரையத் தொடங்கியது. முத்துக்குமாருவுக்கு மயிர் கூச்செறிந்தது.

ஜோர்ஜ் மன்னருக்கு வெள்ளிவிழாக் கொண்டாடிய வருடம் அது. ஊர் ஊராகப் போகும் பிரசங்கியார் ஒருவர் வந்து, விடியற்காலையில் வாயை மூடிக்கொண்டு இருங்கள், கர்த்தர் சொல்வதைக் கேளுங்கள், கேட்டதை அன்றைக்கே செய்யுங்கள் என்று போதித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். அன்றிலிருந்து ஜெபக்குழுவில் எல்லாருக்கும் கேட்கத் தொடங்கியது. நவரத்தினம் மாஸ்டருக்குச் சுருட்டை விடச் சொல்லிக் கேட்டது. அவருடைய பெண்சாதிக்கு மாமியாருடன் சமாதானமாகச் சொல்லிக் கேட்டது. ஞாயிறு பின்னேரங்களில் ஒருவர் மாறி ஒருவர் எழும்பிச் சாட்சி சொன்னார்கள்.

குழுவின் செயலாளரான முத்துக்குமாருவுக்கு மட்டும் மாதக்கணக்காகக் கேட்டது காகமும் அப்பக்காரியும்தான். வருகிற ஞாயிறு அவருடைய முறை. சாட்சி இல்லாமல் போனால் வெட்கம். அது ஒரு பக்கம். கர்த்தருக்கு ஊரில் எல்லாரோடும் கதைக்க ஏதோ இருக்கிறது, தன்னோடு கதைக்க மட்டும் ஒன்றுமே இல்லையோ என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவி கிரேஸிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே வாளி என்றால் வாளி. பின்வளவுக்கு ஓடினார்.

அது ஒரே கூரைக்குக் கீழே நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. எட்டிப் பார்த்தார், இருட்டாக இருந்தது. பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினார். கந்தோருக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பாசியில் தேய்ந்து பச்சையானது. கடைசியில் ஏதோ கொழுவி மேலே வந்தது. வாளியேதான்! ஆனால் அவர்களுடைய வாளி இல்லை. அவர்களுடையது கிணற்றடியிலேயே கவிழ்த்துக் கிடந்தது.

எடுத்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார், ரயில் போய்விட்டது. கோட்டையில் கந்தோருக்குப் பிந்திப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பின்னேரம் வந்து பார்த்தால், கட்டில் வைத்த வாளியைக் காணவில்லை.

"நீர் எடுத்தனீரோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"எந்த வாளி?" என்றாள் கிரேஸ்.

முத்துக்குமாரு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தபோது அவருக்குக் குளிர்ந்தது.

புதன்கிழமையும் கடல் நின்றது.

"முருங்கக் கொப்பு ஓட்டுல இடிச்சிக்கிட்டே ஈக்கிது. கண் மூட ஏலா."

கர்த்தருக்கு நித்திரை வராமல் ஒரு முருங்கைமரம் கெடுக்கிறது என்றால் அடியான் பார்த்துக்கொண்டிருக்கலாமா? கத்தியை எடுத்துக்கொண்டு மதிலில் ஏறினார். கொப்பு வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டது நேரே கிரேஸின் கொடிக் கயிற்றில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று தோய்த்துப் போட்டிருந்த அவருடைய கோட்டு, முதுகுத் தையல் கிழிந்து சேற்றில் படுத்தது.

கிரேஸ் அகப்பைக்காம்போடு வெளியே வந்தாள்.

"என்ன வேலை இது? ஆர் உங்களை முருங்கை வெட்டச் சொன்னது?"

"கர்த்தர்."

"என்ன?"

"கர்த்தர் சொன்னவர். முருங்கைக் கொப்பு ஓட்டிலை இடிச்சிக்கிட்டே ஈக்கிது எண்டு."

கிரேஸ் அகப்பையை இறக்கினாள். "ஈக்கிது எண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"இருக்கிறது எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. ஈக்கிது எண்டுதான்."

"இஞ்சாருங்கோ," என்றாள் கிரேஸ், மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமம் படிப்பித்தவள் குரலில். "கர்த்தர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லை. வேதாகமத் தமிழெண்டாலும் கதைக்கலாமே. சோனகத் தெரு முஸ்லிம் ஆக்களின்ரை தமிழ் அவருக்கு ஏன்?"

இது முத்துக்குமாருவையும் உறுத்திக்கொண்டிருந்த விஷயம்தான். கந்தோரால் வரும் வழியில் நவரத்தினம் மாஸ்டர் வீட்டில் இறங்கினார்.

"மாஸ்டர், கர்த்தர் எந்தப் பாசையிலை கதைப்பார்?"

சுருட்டை விட்டதிலிருந்து கடுகடுவென்றிருந்த மாஸ்டர், "கேக்கிறவன்ரை பாசையிலை," என்றார். "ஏன், உமக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"என்ன சொன்னவர்?"

முத்துக்குமாரு கொஞ்சம் யோசித்தார். "வீட்டு வேலையள்," என்றார்.

வியாழக்கிழமை கேட்டதுதான் வீட்டைக் கலக்கியது.

"அந்தப் பொட்டியப் பூட்டச் செல்லு. தல வெடிக்கிது."

பெட்டி என்பது எது என்று கேட்கத் தேவையே இல்லை. கிரேஸ் சீதனமாகக் கொண்டுவந்த ஹார்மோனியம். விடிந்தும் விடியாததுமாக அதை வைத்துக்கொண்டு அவள் பாடும் ஞானப்பாட்டில், எதிர்வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடும். ஆனாலும் துதிப்பாட்டு அல்லவா! தன்னைத் துதிப்பதைக் கர்த்தரே நிறுத்தச் சொல்வாரா? கேட்டுக் கேட்டுத்தான் சலித்துவிட்டாரோ? முத்துக்குமாரு ஹார்மோனியத்தைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டார்.

அதற்குப் பிறகு கிரேஸ் அவரோடு பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முதல்நாள் பாண் வந்தது. அடுத்த நாள் அதே பாண் மறுபடி வந்தது. மனைவியின் சத்தமும் இல்லாமல் ஹார்மோனியச் சத்தமும் இல்லாமல் வீடு ஒரு மாதிரிக் கிடந்தது. பகலிலும் முத்துக்குமாருவுக்குப் பின்கழுத்தில் யாரோ பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிரேஸ் வாயைத் திறந்தாள்.

"மேலை பாருங்கோ."

பார்த்தார். நடுச்சுவர் அவர்கள் தலைக்கு மேலே கொஞ்சம் உயர்ந்து நின்றுவிட்டது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து வரலாம் போல் இடைவெளி.

"அந்தப் பக்கம் போன கிழமை குடிவந்தவை சோனகர்," என்றாள் கிரேஸ். "ஷரீப் எண்டு புறக்கோட்டையிலை தொப்பிக் கடை வைச்சிருக்கிற மனிசன். அவற்றை தமக்கை ஸைனம்பு. புருசன் செத்துப்போய் இத்தா இருக்கிறாவாம். ஆம்பிளையளின்ரை கண்ணிலை படக்கூடாது, வெளியிலை வரக்கூடாது. அப்பக்காரி சொன்னவள். தம்பி விடியமுந்திக் கடைக்குப் போனால் அந்த மனிசி தனிய. வாளி விழுந்தால் ஆரிட்டைச் சொல்லுவா? ஆண்டவனிட்டைத்தான் சொல்லுவா."

முத்துக்குமாரு கதிரையில் இருந்தார். வாளி, முருங்கை, ஹார்மோனியம் எல்லாம் வரிசையாக வந்து சரியாகப் பொருந்தின. தமிழும் பொருந்தியது.

"அப்ப எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

கிரேஸுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டாள். இரவு இடியப்பம் அவித்தாள்.

ஞாயிறு விடிய முத்துக்குமாரு தியானத்துக்கு இருக்கவில்லை. எழும்பிய பழக்கத்தில் கதிரையில் வந்து இருந்தார், அவ்வளவுதான். கிரேஸ் பக்கத்தில் தேத்தண்ணீரோடு நின்றாள். பின்னேரம் எழும்பி நின்று, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது என்று அவர் மனதில் தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

கடல் நின்றது.

"அலுமாரி காலுக்கு மேல உழுந்துட்டு. எடுக்க ஏலா. ரத்தம் போற." கொஞ்சம் இடைவெளி. பிறகு மிகவும் மெதுவாக, மிகவும் பக்கத்தில்: "அந்தாளுக்குக் கேக்கிற. அவர அனுப்பு."

முத்துக்குமாரு துள்ளி எழும்பினார். தேத்தண்ணீர்க் கோப்பை உருண்டது.

"கேட்டுதே?"

"என்ன?" என்றாள் கிரேஸ்.

"இப்ப! இவ்வளவு வடிவாச் சொன்னாவே!"

"எனக்கொண்டும் கேக்கேல்லை."

"அந்த ஹார்மோனியத்தோடை இருந்து உமக்குக் காது போட்டுது. வாரும்!"

அடுத்த வீட்டு முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவர் தட்டோ தட்டென்று தட்டிக்கொண்டிருக்கும்போது, கையில் மீனோடு ஷரீப் படலையைத் திறந்தார். இத்தா இருக்கும் தமக்கையின் கதவை அடுத்த வீட்டு ஆம்பிளை உடைக்கப் பார்ப்பதைக் கண்டால் எந்தத் தம்பிக்குத்தான் முகம் சிவக்காது?

"என்ன ஐயா இது? ராத்தா இத்தாவுல ஈக்கிற. ஆம்புளையள் வரப்படாது!"

"தெரியும் தம்பி. உம்மடை கொக்கா கூப்பிடுறா. அலுமாரி விழுந்து கால் அம்பிட்டுப் போச்சாம். ரத்தம் போகுதாம்."

ஷரீப் நின்ற இடத்திலேயே நின்றார். "ஆரு செல்லிய?"

"அவதான் சொல்லுறா! பின்கதவாலை வரட்டாம், கொண்டி இளகிக் கிடக்காம். ஓடும்!"

இந்தக் கடைசிச் சொல் எப்போது கேட்டது என்று முத்துக்குமாருவுக்கே தெரியாது. கேட்டது, சொன்னார். ஷரீப்பின் கையிலிருந்து மீன் நழுவியது. அவர் பின்பக்கம் ஓடினார்; கிரேஸும் பின்னால் ஓடினாள். பின்கதவின் கொண்டி இளகித்தான் கிடந்தது.

முத்துக்குமாரு மரியாதைக்கு வாசலில் நின்றார். ஆனால் உள்ளே இரண்டு பேர் தூக்கி அலுமாரி அசையவில்லை. "ஐயா, நீங்களும் ஒரு கை போடுங்க!" என்று ஷரீப் கத்தினார்.

போனார். தேக்கு அலுமாரி. அதன் கீழே ஒரு கால், சுற்றிவர உடைந்த கோப்பைகள், ஒதுக்கமாக அவர் எடுத்துக்கொடுத்த அந்த வாளி. வெள்ளைச் சேலை முக்காட்டால் அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அவர் உள்ளே வரும் முன்பே அந்தக் கண் கதவடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மெள்ளத் தூக்குங்கோ," என்றார் முத்துக்குமாரு. "மெள்ள எண்டு சொல்லுறா எல்லே."

கிரேஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த பெண்ணைப் பார்த்தாள். 

கால் முறியவில்லை, வெட்டு மட்டும் ஆழம். கிரேஸ் தன்னுடைய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் தப்பியிராது என்று வந்த டொக்டர் சொன்னார்.

எல்லாம் அடங்கியபின் ஷரீப் விறாந்தையில் முத்துக்குமாருவுக்குச் சாயத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.  முத்துக்குமாருவுக்கு ஓர் உயிர் தப்பிய சந்தோஷம் ஒரு பக்கம். மறுபக்கம் பின்னேரச் சாட்சி. மனதில் கிடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் ஒரு மன்னிப்புக் கேக்கவேணும். உங்கடை நடுச்சுவர் ஓட்டுவரைக்கும் போகேல்லை. கொக்கா விடிய ஆண்டவனிட்டைக் கேக்கிற துஆ முழுக்க இஞ்சாலை கேக்குது. ஒட்டுக்கேட்டதெண்டு நினையாதையும். நான் அதைக் கர்த்தரின்ரை குரலெண்டு நினைச்சுத் துள்ளிக்கொண்டு திரிஞ்சன். முட்டாள் வேலை. வாளி எடுத்தது, முருங்கை வெட்டினது, எல்லாம் அதாலைதான்."

ஷரீப் தன்னுடைய தேத்தண்ணீரைக் குடிக்காமல் அவரையே பார்த்தார்.

"பிழையா எடுக்காதையும்," என்றார் முத்துக்குமாரு. "எனக்கெண்டு அவர் ஏதாவது சொன்னாலும், இந்தச் சத்தத்துக்கை கேக்காமல் போயிடும் எண்டு பயமாக் கிடக்கு. இனிமேல் கொஞ்சம் மெதுவாக் கேக்கச் சொல்லும்."

ஷரீப் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கடல் இரைச்சலுக்கு மேல் கேட்கட்டும் என்பது போல அவர் பக்கம் குனிந்தார்.

"ஐயா, எங்கட ராத்தா பொறவி ஊம. அவ துஆ கேக்கிறதெல்லாம் மனசுக்குள்ளதான்."