திருடாத கோழி

பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன்னால் முழந்தாளிட்ட பிறகுதான் பிலவேந்திரனுக்குத் தெரிந்தது, சொல்வதற்குக் கைவசம் ஒரு பாவம்கூட இல்லை என்று.

கோபப்பட்டேன் என்று போன சனிக்கிழமையே சொல்லியாயிற்று. யார் மேல் என்று சாமியார் கேட்டதற்கு, அடுப்பின் மேல் என்று சொல்ல வேண்டியிருந்தது. மனைவி அந்தோணி மேரி கல்லறைக்குப் போன பிறகு கோபப்பட வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மகள் ஆரோக்கிய செல்வியை நெய்வேலியில் கட்டிக் கொடுத்தாயிற்று. பொய் சொல்லலாம் என்றால், அதைக் கேட்கவாவது ஓர் ஆள் வேண்டாமா?

வில்லியனூருக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் பிலவேந்திரன் வாயைத் திறந்தால் போதும், எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சவரிநாதன் மடை திறக்கணும் என்று எழுந்துவிடுவார். டீக்கடைக்காரர் டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்துவிடுவார். எழுந்து போக முடியாமல் உட்கார்ந்து கேட்கிற ஒரே மனிதர் கூண்டுக்குள் இருந்த சாமியார்தான். அதற்காகத்தான் வாராவாரம் வந்தார் பிலவேந்திரன். ஊர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க," என்றார் சாமியார், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

"இந்த வாரம் ஒண்ணும் செய்யல சாமி."

"ரொம்ப நல்லது. எழுந்து போங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

பிலவேந்திரன் தட்டியைப் பிடித்துக்கொண்டார். இந்த வாரத்துப் பேச்சு இவ்வளவுதானா? இனி அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அடுப்போடா?

"இருங்க சாமி, இருங்க! ஒண்ணு இருக்குது. கோழி திருடிட்டேன்."

கூண்டுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. சாமியார் நெருங்கி உட்கார்ந்தார்.

"யாரோட கோழி?"

அதைப் பிலவேந்திரன் யோசித்து வைத்திருக்கவில்லை. அவசரமாகத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் மதலேனாள் தனியாக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு காரைக்காலிலிருந்து வந்து, கரும்புக்கொல்லை ஓரம் அண்ணன் விட்டுப்போன வீட்டில் இருப்பவள். யாரோடும் பேச மாட்டாள். யாரும் அவளிடம் பேசிப் பார்த்ததும் இல்லை. வம்பில்லாத ஆள்.

"மதலேனாளோடது, சாமி."

அதற்கப்புறம் அருமையான பேச்சு. எப்படிப் பிடித்தார், எப்படி அமுக்கினார், குழம்புக்கு எவ்வளவு மிளகு தட்டிப் போட்டார் என்பதுவரை பிலவேந்திரன் ரசித்து ரசித்துச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் கனைக்க ஆரம்பித்தார்கள்.

"போதும்," என்றார் சாமியார். "ஒரு கோழி வாங்கி அந்தம்மா கையில குடுங்க. நேருக்கு நேர் மன்னிப்புக் கேளுங்க. அதுதான் பரிகாரம். அது முடியாம நற்கருணை அப்பம் வாங்க வராதீங்க."

சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ளப் பிலவேந்திரனுக்குத் துணிச்சல் வரவில்லை. கூண்டில் பொய் சொன்னவனுக்கு நேராக நரகம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறார். நரகத்துக்குக் கோழி தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தனியாக இருக்கும் பொம்பளை வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு, கோயில் வாசலிலேயே மதலேனாளை நிறுத்தினார். கக்கத்தில் வில்லியனூர்ச் சந்தையில் வாங்கிய கோழி.

"எம்மா, ஒன் கோழிய நாந்தான் எடுத்துட்டேன். மன்னிச்சிக்கமா. அதுக்குப் பதிலா இத வச்சிக்க."

என்னுது ஒண்ணும் காணாமப் போகலையே என்பாள், தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். மதலேனாள் கோழியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ரொம்ப நாளாகப் புழங்காத தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நீதானா அது?" குரல் மணிக்கூண்டு வரைக்கும் போயிற்று. "ஒண்ணுன்னு எவன் சொன்னான்? மூணு! மூணையும் முழுங்கிட்டு ஒண்ண நீட்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

நீட்டிய கோழியையும் பிலவேந்திரன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இன்னா அநியாயம் இது! எவனோ நிஜமாகவே திருடியிருக்கிறான், தான் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறோம்!

அன்று சாயங்காலமே சவரிநாதன் கோழிப் பஞ்சாரத்தை வீட்டுக்குள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

"ஏன் பிலவேந்திரா, கறி திங்க ஆசைன்னா கேட்டிருக்கலாம்ல?"

"சத்தியமா நா எடுக்கலபா!"

"எடுக்காதவன் எதுக்குயா திருப்பிக் குடுத்த?"

டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாயிற்று. தெருவில் பிள்ளைகள் பின்னாலேயே வந்து கொக்கரித்தார்கள். முன்பு அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது முகத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை.

சாமியாரிடமே ஓடினார். "சாமி, நா திருடவே இல்ல. பேச்சுக்கு ஆள் இல்லாம பொய் சொல்லிட்டேன்."

"மொதல்ல ஒண்ணுன்னீங்க. அந்தம்மா மூணுன்னு ஊரறியச் சொன்னதும் ஒண்ணுமே இல்லங்கிறீங்க. போயி மிச்சம் ரெண்டையும் குடுத்துட்டு வாங்க."

இரண்டாவது கோழியையும் வாங்கி, இந்தத் தடவை அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மதலேனாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னுது கறுப்பு. இது செவப்பு," என்று சொல்லிவிட்டு, உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் அவள் அவர் வீட்டுக்கே வர ஆரம்பித்தாள்.

"எங்கயா என் கறுப்புக் கோழி?" வந்த வேகத்தில் அடுப்படிக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறப்பாள். துப்புத் துலக்குகிறாளாம். "கொழம்பா இது? உப்பே இல்ல! இத எப்பிடித் திங்கிற?"

அடுத்த நாள் கையில் ஊறுகாயோடு வந்தாள். "தின்னுட்டு உண்மையச் சொல்லு."

"எத்தினி வாட்டி சொல்றது? நா எடுக்கல!"

"திருடன் எவன் ஒத்துக்கிட்டான்? என் புருஷன் இருந்த வரைக்கும் ஒரு பய என் பொருள்மேல கை வச்சிருப்பானா?"

அங்கிருந்து புருஷன் கதை தொடங்கும். காரைக்கால் வரும், கடல் வரும், கடைசியில் மறுபடி கோழி வரும். பிலவேந்திரனும் விடாமல் பதிலுக்குக் கத்துவார். கத்திக் கத்தி, அவள் போகும்போது தொண்டை கட்டிப் போயிருக்கும். இந்த வயதில் சொந்த வீட்டில் உட்கார்ந்து திருடன் பட்டம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று மனம் குமுறும்.

நெய்வேலிக்குப் போய் வந்த சவரிநாதன் ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சேதி அங்க வரைக்கும் போயிடுச்சிபா. கோழித் திருடன் பொண்ணுன்னு மாமியாக்காரி சொல்லிக் காட்டுதாம். கொஞ்ச நாளைக்கி அப்பாவ இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்கன்னு செல்விதான் அழுதுச்சு."

அன்று பிலவேந்திரன் உலை வைக்கவில்லை. அந்தோணி மேரியின் படத்தின் முன்னால் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். பேச ஆசைப்பட்டதுதான் அவர் செய்த ஒரே குற்றம். அதற்கு மகள்கூட இல்லாமல் போய்விட்டாள். இனி இந்த ஊரில் யாருக்காக இருப்பது?

பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் வயோதிகர் மடத்தில் சேர முடிவு செய்தார். வேட்டி துண்டை மூட்டை கட்டினார். போகிறவன் பழியோடு போகக் கூடாது என்று, கேட்ட விலை கொடுத்து ஒரு கறுப்புக் கோழி வாங்கினார். பஸ்ஸுக்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்று, உச்சி வெயிலில் கரும்புக்கொல்லை ஓரத்து வீட்டுக்கு நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கம் என்று அங்கே இருந்தது ஒரே வீடுதான், இந்துக் குடியானவர் வீடு. வாசலில் காசம்மாள் மாட்டுக்குக் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவ வேதக்காரர் கோயில் விவகாரம் எதுவும் அவள் காதுக்குப் போவதில்லை.

"அந்தம்மா எங்கமா?"

"ஊருக்குள்ளதான் போயிருக்குது, பெரியவரே. யாரோ உப்பில்லாம திங்கிறாராம். மீன் கொழம்பு வச்சி எடுத்துக்கினு இப்பவே கெளம்பிடுச்சி."

பிலவேந்திரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோழியை நீட்டினார்.

"நா ஊர விட்டே போறேன் தாயி. இத அந்தம்மாகிட்ட குடுத்துடு. தொலஞ்சுபோன மூணு கோழிக்கும் சரியாப் போச்சுன்னு சொல்லிடு."

காசம்மாள் கோழியை வாங்கி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொலஞ்சுபோன கோழியா? இன்னா பெரியவரே சொல்றீங்க! நீங்க கொண்டாந்து குடுக்கற வரைக்கும் அந்தம்மா கோழியே வளத்ததில்லியே!"