வானத்துக்குப் புல எண் என்ன?

நாற்றங்காலில் பாதிகூடத் தண்ணீர் பாயவில்லை, மோட்டார் நின்றுவிட்டது. நீலமேகம் அண்ணாந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. மேற்கே தென்னைகளுக்கு மேலே அதே சிவப்பு வெளிச்சம்.

"வந்துட்டான்யா! நாலாவது நாளா வந்துட்டான்!"

ஆற்றுத் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. மூன்று ஏக்கர் குறுவைக்கு விட்ட நாற்று, அந்த ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான் நின்றது. மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும் பெட்டி ஒன்றைப் போன மாதம்தான் மெக்கானிக் சாமிதுரை பூட்டியிருந்தான். நீலமேகத்தின் வீட்டில் சும்மா கிடந்த சிம் ஒன்றையே அதற்குள் போட்டுவிட்டான். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் மோட்டார், வெளிச்சம் வந்ததும் படுத்துவிடுகிறது.

"மின்காந்த ஆயுதம்!" என்று டீக்கடையில் முழங்கினார் நீலமேகம். மருமகன் புது நம்பரோடு வாங்கித் தந்த பெரிய போனில் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தார். "பறக்கும் தட்டு வந்த எடத்துல எல்லாம் கார் நின்னுருக்கு, ரேடியோ செத்துருக்கு. மேலேர்ந்து அலையை விட்டா கீழ கரண்ட்டுல ஓடுறது எதுவும் நிக்காம என்ன செய்யும்?"

"அது திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கு வர்ற டிரோன் கேமராண்ணே" என்றாள் கடைக்காரி தங்கம்மாள். "ஜோடியை ஆத்தங்கரையில நடக்கவிட்டுப் படம் புடிக்கிறாங்க."

"அப்படித்தான் நம்ப வைப்பான்! எரிவாயு எடுக்க வந்த கம்பெனிக்காரனை நெலம் தரமாட்டோம்னு போன வருசம் வெரட்டுனோமே, சும்மா விடுவானா? பயிர் கருகுனா வெவசாயி தானா வித்துட்டுப் போயிடுவான்னு பார்க்குறான்!"

அந்தப் போராட்டத்துக்கு நீலமேகம்தான் தலைவர். ஊருக்குள் புது ஜீப்போ பறக்கும் கேமராவோ தென்பட்டால் உடனே அவருக்குப் போன் போட வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடே இருந்தது. இப்போது ஒருவரும் போடவில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்ல மானம் இடம் தரவில்லை.

ஜமாபந்தியில் மனு கொடுத்தார். தாசில்தார் நிதானமாகப் படித்தார்.

"சம்பவம் நடந்த இடம் வானம்னு போட்டிருக்கீங்க. புல எண் என்ன?"

"வானத்துக்கு ஏதுங்க புல எண்?"

"புல எண் இல்லாம பதிய முடியாதே. அடங்கல் கணக்குல என்ன பயிர்?"

"இன்னும் ஒரு வாரம் போனா வைக்கோல்னு எழுதிக்குங்க!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் பிரியாணிக் கடையில் அலுமினியத் தாள் வாங்கி மோட்டார் பெட்டியைச் சுற்றினார். எந்த அலையும் உள்ளே போகாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். உண்மைதான், அவர் கொடுத்த மிஸ்டு காலும் போகவில்லை. அன்று முழுக்க மோட்டார் ஓடவே இல்லை. நாற்றின் நுனி பழுக்க ஆரம்பித்தது. தாளைப் பிய்த்து எறிந்தார்.

அடுத்து அச்சகத்துக்குப் போனார்.

"ஊரு பூரா ஒட்டணும் பாய். வெளிச்சத்தைப் பார்த்தவங்க அந்த நிமிசமே எனக்குப் போன் போடணும்."

"போன வருசப் போராட்ட நோட்டீஸ் உங்க நம்பரோட அப்படியே கம்ப்யூட்டர்ல இருக்கு. மேல உள்ள வாசகத்தை மட்டும் மாத்திடுறேன்" என்றார் நெய்னா முகம்மது.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மாலை வெளிச்சம் வந்தது. மோட்டார் நின்றது, ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கால் மணி நேரம் இப்படித் துடித்துவிட்டுக் காயில் கருகி ஒரேயடியாக அடங்கியது.

நீலமேகத்தின் போன் ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை.

"பார்த்தியாடி, ஊரே வெலை போயிடுச்சு!" என்று மனைவி நீலாயதாட்சியிடம் குமுறினார். "இவனுங்க நெலத்துக்காகவா நான் வெயில்ல ரோட்டுல உக்காந்தேன்?"

அதன் பிறகு ஊரில் யாரோடும் பேசவில்லை. யாராவது வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கிவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் சாமிதுரை புதுக் காயில் கட்டி மோட்டாரை இறக்கினான். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் கொட்டியது. பழுத்த நாற்றுக்குள் அது ஏறுவதைப் பார்த்து நீலமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சாமிதுரைக்கு டீ கொண்டுவந்த தங்கம்மாளும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே சிவப்பு வெளிச்சம் எழும்பியது. சிறிது நேரத்தில் மோட்டார் நின்றது.

"பார்த்தியா சாமிதுரை! உன் கண்ணு முன்னாலேயே சுட்டுட்டான்! இப்பவாச்சும் நம்புறியா?" நீலமேகம் ஈர மண்ணை அள்ளி வானத்தைப் பார்த்து வீசினார்.

தங்கம்மாள் காதில் வைத்திருந்த போனை எடுத்து அதை ஒருமுறை பார்த்தாள், அவர் சட்டைப்பையை ஒருமுறை பார்த்தாள்.

"என்னண்ணே இது, வெளிச்சம் தெரிஞ்சா மொத நாள்லேர்ந்து மறக்காம உங்க நம்பருக்குத்தான் போன் போடுறேன், இன்னைக்குப் பக்கத்துலயே நிக்கிறீங்க, உங்க பையில மணி அடிக்காம மோட்டாருல்ல நிக்குது?"